பை கழற்றும் முன்பே விடைபெறும் எங்கள் மருத்துவருக்கு

மாண்பும் மதியும் மிக்க மருத்துவப் பெருந்தகையே! மூலத்தை முறியடித்து, பௌத்திரத்தைப் பந்தாடி, ஆசனவாய் வெடிப்பின் வேதனையை விரட்டியடித்த வித்தகரே! நின்றுகொண்டே சாப்பிட்டவர்களை நிம்மதியாக நாற்காலியில் அமரவைத்த நேயரே! இந்த மண்டபத்தில் சாய்ந்து அமர்ந்திருப்போரில் யார் யார் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டோம்.

இடுப்பு வலி என்றும் உடம்புச் சூடு என்றும் பூசி மெழுகியவர்களிடம் ஒருநாளும் நீங்கள் சிரித்ததில்லை. கையுறை மாட்டும் முன் அவர்கள் முகத்தைப் பார்ப்பீர்கள். முகம் தளர்ந்த பிறகே பரிசோதனை என்பது உங்கள் பிரிவின் எழுதாத சட்டம்.

அந்தப் பிரிவின் வாசல் மேசையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுபவரை இங்கே எல்லோரும் அறிவார்கள். கூனிக் குறுகி வருபவர்களுக்குத் தைரியம் சொல்லி உள்ளே அனுப்புகிறவர். அவருக்கே மலத்தோடு ரத்தம் போனது. மூலமாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். அவர் மேசைக்கும் உங்கள் அறைக்கும் பத்தடிகூட இருக்காது. அதைக் கடக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போவதைக் கண்டு நீங்களே கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். மலக்குடலில் கட்டி இருந்தது. புற்று என்று முடிவு வந்தது.

கட்டியை வெட்டியெடுத்துக் குடலை ஒட்டிவிடலாம், ஒட்டிய இடம் ஆறும்வரை வயிற்றில் துளையிட்டு மலத்துக்கு ஒரு பை மாட்ட வேண்டும் என்றீர்கள். அவர் புற்றைவிடப் பைக்குத்தான் பயந்தார்.

"பையைக் கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படி நிப்பேன்? நாறுமே."

"நாறாது. சத்தம் வந்தா வரட்டும், யார் வயித்துலதான் சத்தம் வரல?" என்றீர்கள்.

அறுவை முடிந்த பின்னும் எங்களுக்கு நிம்மதி இல்லை. தையல் கசிந்துவிடுமோ, காய்ச்சல் வந்துவிடுமோ என்று ஆளாளுக்கு அவர் கட்டிலைச் சுற்றி வந்தோம். கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டது என்ற முடிவு வந்த அன்று எங்கள் தலைமைச் செவிலி மருந்தறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். துளையை மூடும் இரண்டாவது அறுவைக்கு அடுத்த மாதம் நாள் குறித்தோம். உங்கள் பணி ஓய்வு நாள் அதற்கு முன்னால் வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தோம். நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று டோக்கன் மேசைக்காரர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

அன்புக்குரியீர்! இந்த மடலை இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். சட்டைக்குள் பை இருக்கிறது. முன்வரிசைக்குக்கூட இதுவரை ஒன்றும் தெரிந்திருக்காது. இதையெல்லாம் எழுதலாமா என்று நாங்கள் தயங்கினோம். "எழுதுங்க, நானே படிக்கிறேன்" என்றவர் அவர். ஆனாலும் பயம் போகவில்லை. காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை; இந்த வரியை வாசிக்கும்போதும் அவர் கை வயிற்றுப் பக்கம் போகும். பொறுத்தருள்க.

அடுத்த மாதம் கத்தி பிடிக்கப்போவது உங்கள் மாணவி. அவர் கைக்கு நான் பொறுப்பு என்றீர்கள். அவருக்கும் உள்ளூர உதறல்தான், எங்களுக்கும்தான். நேற்று மடல் வாசிக்கும் இவர் உங்களிடம் கேட்டே விட்டார், அன்றைக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று.

"உள்ள வர எனக்கு இனி உரிமை இல்லப்பா. வெளிய பெஞ்சுல உன் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

ஓய்விலும் ஒளி குன்றாது, உடல்நலமும் உளநலமும் ஓங்கி, இல்லத்தாரோடு இனிதே நீடு வாழ்க! இத்தனை காலமும் அறுவை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து சேதி சொன்னவர் நீங்கள். அன்றைக்குக் கதவு திறக்கும்போது, அந்த அம்மாவோடு சேர்ந்து நீங்களும் பதறி எழுந்து நிற்பீர்கள்.

இங்ஙனம்,
உங்களை அனுப்ப மனமில்லாத,
அறுவைப் பிரிவின் ஊழியர்கள்