அழுத்தாதீங்க அங்கிள்

— ஆஸ்வின், இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி என்னாண்ட கேள்வி கேக்குது நைனா. கையெழுத்து போட்டது யாருன்னு தெரியலையாம், நம்பலாமாங்குது. ரெண்டுக்கும் ஒரே லைன்தானே, ஃபோனுக்காக நெட்டை கட் பண்ணிட்டேன், கேள்வி மட்டும் ஸ்கிரீன்ல அப்படியே நிக்குது.

— வில்லியம் அங்கிள், அது நான் போட்ட கையெழுத்துதான். மெயில் சர்வர் என்னோடது, அது என்னோடதுதான்னு சொல்ற சர்டிபிகேட்டும் நானே எழுதிக்கிட்டேன்.

— உனக்கு நீயேவா? கோயில் ஆபீஸ்ல இத்தினி வருஷம் ஞானஸ்நான சர்டிபிகேட் எழுதினவன் நான். என் பொண்ணு கரோலோடதை மட்டும் வேற ஆளை எழுத வெச்சேன்.

— அமெரிக்காவுல அதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு அங்கிள். டாலர்ல கேக்கறாங்க. எனக்குக் கட்டாது.

— அதனால நீ சொன்னா நான் நம்பணும். கரோலுக்கு உன்னைப் பிடிச்சிருக்குன்னு நீயே வந்து சொன்ன மாதிரி. மஸ்கட்ல கீறவளுக்கு ஃபோன் போட்டா வெக்கப்படறா, “மெயில்ல எழுதிட்டேன்ப்பா”ங்கறா. சாயங்காலம் அடையாறுலேந்து வேற வீட்டுக்காரங்க அவளைப் பொண்ணு கேட்டுப் பேசி முடிக்க வராங்க. அதுக்குள்ள படிச்சாகணும். ‘எஸ்’னு ஒண்ணு கீது, அழுத்திடவா?

— ஐயோ, அழுத்தாதீங்க! நடுவுல எவனாவது என் பேர்ல உக்காந்திருந்தா, திரும்ப நெட் போட்டதும் உங்க பாஸ்வேர்டு அவன்கிட்ட போயிடும். ஸ்கிரீன்ல எழுத்தும் எண்ணுமா நீளமா அந்த சர்டிபிகேட்டோட நம்பர் இருக்கும், பாருங்க. என் தாள்ல இருக்கறதைப் படிக்கறேன், ஒத்துப்போனா அழுத்துங்க. ஏ நாலு…

— இன்னா ஏ நாலு? இங்க ஒன்பது சி.

— அடுத்தது ஏழு எஃப்?

— அதுவும் இல்ல.

— அடடா. செவ்வாய்க்கிழமை டிஸ்க் படுத்துடுச்சு, சர்டிபிகேட்டையும் புதுசா எழுதினேன். பழைய தாளைப் படிக்கறேன் போல.

— அவ்ளோதானே? அழுத்தறேன்.

— ‘போல’ன்னுதான் சொன்னேன் அங்கிள். சர்வர் தி.நகர் ஆபீஸ்ல இருக்கு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பூட்டியிருக்கும். நாளைக்குப் போய்ப் பாத்துட்டு சொல்றேன்.

— நாளைக்கா? சாயங்காலம் நான் வாக்கு குடுத்துட்டா குடுத்ததுதான். அவ எழுதினதைப் படிக்காம நான் யாருக்காக நிறுத்தறது? நஷ்டம் உனக்குத்தான் நைனா.

— தெரியும் அங்கிள். ஆனாலும் அழுத்தாதீங்க.

— இரு நைனா, வீட்டுக்காரியாண்ட ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். ஐரின்! அடையாறுக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடலாம்… இல்லம்மா, பொண்ணு எழுதினதை இன்னும் படிக்கல. மாப்பிள்ளைகிட்டதான் பேசிக்கினு கீறேன்.