போட்டுது என்று கத்தியது நான்

வருது. சத்தம் வடக்கிலிருந்து. கட கட கட. பொம்மர் இல்லை. ஹெலி இல்லை. சகடை. நான் பங்கர் வாயில் நிற்கிறேன். ஒரு கை பனங்குற்றியில். கழுத்து அண்ணாந்தபடி. உள்ளே பதினொரு பேர்.

"வருது! சகடை வருது! ஒருத்தரும் வெளியில வராதேங்கோ!"

தொண்ணூறாம் ஆண்டு, கோட்டைச் சண்டை நடந்த வருடம். ஆவணி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது இருபது. எனக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து இரண்டு கட்டை தூரம் தள்ளி எங்கள் ஒழுங்கை. எட்டு வீடு. எல்லோருக்குமாக ஒரே பங்கர். ஆளுயரக் குழி, மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. இறங்க ஐந்து படி.

வாசலில் நின்று வானம் பார்ப்பது என் வேலை. சத்தத்தை வைத்தே விமானத்தைச் சொல்லிவிடுவேன். பொம்மர் வானத்தைக் கிழித்துக்கொண்டு வரும். சகடை சாமான் ஏற்றும் விமானம், அதற்கு அவசரம் கிடையாது. ஆறுதலாக வட்டமிடும். கதவு திறக்கும். பீப்பாய்க் குண்டைக் கையால் உருட்டி விடுவார்கள். விழுவது கண்ணுக்குத் தெரியும். ஒழுங்கை முழுவதும் என் காதை நம்பியது. எனக்கு அதில் தலைக்கனம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

காவலுக்கு நிற்பவர் கத்துவதற்கு இரண்டு சொல். வருது. போட்டுது. எங்கள் ஊர்ப் பேச்சில் குண்டைப் போட்டுவிட்டது என்றாலும் போட்டுது. விமானம் போய்விட்டது என்றாலும் போட்டுது. முதலாவதைக் கேட்டால் நிலத்தோடு படுக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் வெளியே வரலாம். வித்தியாசம் குரலில். குண்டென்றால் வெட்டிக் கத்துவோம். போய்விட்டதென்றால் இழுத்துச் சொல்வோம். வேறு சொல் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவரை பிழை வந்ததில்லை.

அன்று மூன்றாவது சுற்று. முதல் இரண்டிலும் ஒன்றும் விழவில்லை. இப்போது கதவில் கறுப்பாய் ஒன்று தெரிகிறது. விடுபடுகிறது.

"போட்டுது!"

குண்டு விழுகிறது என்ற பொருளில்தான் கத்தினேன். ஆனால் குரல் இழுபட்டது. பயத்திலா, மூன்று சுற்று நின்ற அலுப்பிலா, இன்றுவரை தெரியாது. இழுத்துவிட்டேன் என்பது என் காதிலேயே விழுந்தது. திருத்திக் கத்த நேரம் இருந்தது. ஒரு மூச்சு நேரம். கத்தவில்லை. உள்ளே பாய்ந்தேன்.

படியில் சரோ அக்கா ஏறிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தொரு வயது. அவரை உரசிக்கொண்டுதான் இறங்கினேன். அவருடைய சேலை என் முகத்தில் பட்டது. பிடித்து இழுத்திருக்கலாம். அவர் வெளியே ஏறி, திரும்பி, குனிந்து, கை நீட்டினார். கீழ்ப்படியில் அவருடைய மகள் வதனி. ஆறு வயது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றாள். நான் அவள்மேல் போய் விழுந்தேன்.

பிறகு அந்தச் சத்தம். என் வலது காது கடைசியாகக் கேட்டது அதைத்தான்.

மூன்றாம் நாள் சரோ அக்காவின் கணவர் வந்தார். வவுனியாவில் வேலை. பாதி வழி சைக்கிள், பாதி வழி நடை. வந்தபோது செத்தவீடு முடிந்திருந்தது. முற்றத்தில் நின்றபடி என்னைத்தான் கேட்டார்.

"பிள்ளையை உள்ளுக்கை விட்டிட்டு அவள் ஏன் வெளியில வந்தவள்?"

"நகை எடுக்கப் போனவ எண்டு நினைக்கிறன், அண்ணை."

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாயில் தானாக வந்தது. ஒரு கிழமைக்குள் 'நினைக்கிறன்' கழன்றுவிட்டது. நகை எடுக்கப் போய்ச் செத்தவ என்று ஆகிவிட்டது. சரோ அக்கா பங்கர் வாயைப் பார்த்துத்தான் கவிழ்ந்து கிடந்தார். கை நீட்டியபடி. தூக்கியவர்கள் கண்ணால் கண்டார்கள். இருந்தும் என் பேச்சையே எடுத்துக்கொண்டார்கள். காவலுக்கு நின்றவள் நான் அல்லவா.

இப்போது லண்டனில் இருக்கிறேன். தோர்ண்டன் ஹீத். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. காலை ஷிப்ட். ஏழரைக்கு ஆர்தர் வீடு. தொண்ணூற்றொன்பது வயது. உலக யுத்தத்தில் குண்டு விமானத்தில் பறந்தவர். விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்து, குறி பார்த்து, குண்டை விடுவது அவர் வேலை. இது எனக்குத் தெரியவர நாலு வருடம் ஆனது. தெரிந்த அன்று, அவர் காலுக்கு மருந்து பூசிய பிறகு கையை இரண்டு தரம் கழுவினேன். அவர் பார்த்தார். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

போன மாசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். பறந்தவர்களின் நினைவுகளையும் குண்டுக்குக் கீழே இருந்தவர்களின் நினைவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறார்களாம். குண்டை விட்டதும் என்ன சொல்வீர்கள் என்று ஆர்தரைக் கேட்டார். "பொம்ஸ் கோன்" என்றார் ஆர்தர். குண்டு போய்விட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டுமாம். பாரம் குறைந்து விமானம் ஒரு தரம் மேலே எழும்புமாம். அது வயிற்றில் தெரியுமாம். இனி வீட்டுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருந்தது என்றார். கீழே யார் என்று நினைக்கவில்லை என்றார். இதை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை என்றார்.

நான் குசினியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நின்றேன். மேலே இருந்தவனும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறான். போட்டதற்கும் போனதற்கும் ஒரு சொல். கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டார். நீங்களும் கீழே இருந்தவரா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு யுத்தம் என்றேன். பரவாயில்லை என்றார். அடுத்த கிழமை என்னையும் பதிந்தார். தமிழிலேயே பேசச் சொன்னார். ஒன்றேகால் மணித்தியாலம். சகடை, பங்கர், காது, எல்லாம் சொன்னேன். சரோ அக்காவின் இடம் வந்தது. நகை எடுக்கப் போனவ என்றேன். முப்பது வருடம் தாண்டியும் வாய் பழகிய தடத்திலேயே போனது. சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்தும் வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு போன். பதிவை மொழிபெயர்க்கும் மதுரைக்காரப் பெண்.

"மேடம், ஒரே ஒரு டவுட். 'போட்டுது'ன்னு கத்துனேன்னு சொல்றீங்க. அகராதியில ரெண்டு அர்த்தம் இருக்கு. குண்டு போட்டுச்சுன்னா, இல்ல பிளேன் போயிடுச்சுன்னா? எப்படி எழுதட்டும்?"

இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. ஊர்ச்சனம் கேட்கவில்லை. அந்தச் சொல் அவர்களுக்குத் தெரிந்த சொல். தெரியாத ஒருவர்தான் கேட்க வேண்டியிருந்தது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அழிக்கமாட்டோம், பக்கத்தில் ஒரு திருத்தத்தை வைக்கலாம் என்றார்கள். இதுதான் அந்தத் திருத்தம். ஆனால் மற்றவர்கள் இதை வாசிக்கும் முன்பு ஒருவர் என் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

வதனியும் லண்டனில்தான், லூயிஷாமில் இருக்கிறாள். நாற்பது தாண்டிவிட்டது. சிவன் கோயிலில் கண்டால் ஓடிவந்து கையைப் பிடிப்பாள். என்னைக் காப்பாற்றின அக்கா என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாள். உடம்பில் ஒரு பொட்டுத் தங்கம் இராது. தாலிக்கொடிகூடப் பெட்டிக்குள்தான். ஏன் என்று ஊருக்கே தெரியும். நகைக்காகத் தன்னை விட்டுவிட்டுப் போன தாயின் மகள் அவள்.

சனிக்கிழமை. பூசை முடிந்து பதினொன்றரை மணி. செருப்பு வைக்கும் இடத்தில் அவளை மறித்தேன். நின்றபடியே சொன்னேன். சகடை. இழுபட்ட குரல். படி. சேலை. நகை என்று முதலில் சொன்ன வாய் என் வாய். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கையில் இருந்த செருப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப அம்மா என்னை விட்டிட்டுப் போகேல்லையா?"

"இல்லை. உன்னைத் தூக்கத்தான் குனிஞ்சவ. நீ கையை உயர்த்திக்கொண்டு நிண்டனி."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"அப்பா சாகும்வரைக்கும் அம்மாவின்ரை படத்தை வீட்டிலை வைக்க விடேல்லை, அக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லேல்லை."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஆறு கிழமை ஆகிறது. சனிக்கிழமைகளில் அந்த இடத்தில் நிற்கிறேன். அவள் வரவில்லை.

அன்று காலை எங்கள் ஒழுங்கையில் இழந்தவை. வீடு இரண்டு. பசு ஒன்று. என் வலது காது. ஆட்கள் இரண்டு பேர். சைக்கிள் திருத்தும் மாணிக்கம் ஐயா, அறுபத்து நாலு வயது. பங்கருக்குள் வராமல் வேலியோரம் படுத்திருந்தவர். அவரும் என் குரலைக் கேட்டுத்தான் எழும்பினாரா, தெரியாது. சரோஜினிதேவி, சரோ அக்கா, முப்பத்தொரு வயது. என் குரலைக் கேட்டுத்தான் வந்தார்.

அதற்குப் பிறகு என்னால் இழந்தவை. ஒரு மனிதர் தன் மனைவிமேல் வைத்திருந்த அன்பு. ஒரு பிள்ளையின் தாய், இரண்டாம் தரம்.

தொலைந்த நகை ஒன்றுமில்லை.