நல்ல தண்ணீர் குடிக்கும் எஞ்சின்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ லேசாக உப்புக் கரிக்கிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், அதில் டீ போட்டால் இப்படித்தான் இருக்கும். இஞ்சியைக் கொஞ்சம் கூடத் தட்டிப் போடச் சொல்லுங்கள், தெரியாது. மனிதன் இதையெல்லாம் சமாளித்துக்கொள்வான். நீராவி எஞ்சினால் முடியாது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், வானூர்ப் பக்கமிருந்து டேங்கர் லாரியில் வந்து இறங்குகிற தண்ணீர்.

பாய்லரைக் கழற்றியவர்கள் உள்ளே உப்பு இருந்ததாகச் சொன்னார்களாம், அது எப்படி வந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான்.

நான் சவுதியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தேன். மீசை கறுப்பாக இருந்தபோது போனவன், தாடி வெளுத்த பிறகுதான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. என் மனைவி ஷமீமா கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டி வந்து மாட்டுகிறாள். ஃபியூஸ் போனால் ஸ்டூல் போட்டு ஏறிவிடுகிறாள். ஒரு நாள் குழாய் ஒழுகுகிறது என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். "நீங்க சும்மா உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்பாகத்தான் சொன்னாள். சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களை யார் சும்மா உட்கார விடப் போகிறார்கள்.

அந்த நேரத்தில்தான் சுப்ராயன் அந்த எஞ்சினை வாங்கி வந்தார். ஈ.சி.ஆரில் ரிசார்ட் வைத்திருப்பவர். ஏதோ சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி இழுத்துவிட்டுத் துருப்பிடித்துக் கிடந்த சின்ன எஞ்சின். உப்பளத்தை ஒட்டித் தண்டவாளம் போட்டு ஒரு சுற்று ஓட்டினால் வருகிறவர்கள் செல்ஃபி எடுப்பார்கள் என்று அவருக்கு ஆசை. பாய்லர் தெரிந்த ஆள் வேண்டும் என்று என் வீட்டைத் தேடி வந்தார். ஷமீமா எதிரிலேயே, "நசுருதீன் பாய், நீங்க இல்லன்னா அது வெறும் இரும்புங்க" என்றார். அன்று ராத்திரி சோறு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கார்த்திகேசனும் நானும்தான் அதைச் சரிசெய்தோம். அவன் கரி போடுகிறவன், பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டான். கீழ்புத்துப்பட்டுக்காரன், கல்யாணம் ஆகவில்லை, சொந்தம் என்று திண்டிவனத்தில் ஒரு தங்கை. எஞ்சின் விசில் ஓய்ந்தாலும் அவன் வாய் ஓயாது. தங்கமான மனுஷன். முதல் தடவை ஆவி பிடித்து எஞ்சின் நகர்ந்தபோது அவன் அழுதுவிட்டான். நானும் அழுதேன். அவன் சந்தோஷத்தில் அழுதான்.

மறுநாள் சுப்ராயன் என் தோளில் கை போட்டு, "அதான் ஓடுதுல்ல பாய், இனிமே கார்த்திகேசன் ஒருத்தனே போதும். நீங்க வூட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை எனக்குப் பிடிக்காது.

அன்று சாயங்காலம் உப்புப் பாத்தியிலிருந்து ஒரு குடம் மொண்டு எஞ்சின் டேங்கில் ஊற்றினேன். வெயிலில் வற்றி, உப்பு பூக்கப்போகிற நிலையில் இருக்கும் கெட்டித் தண்ணீர். ஒரு குடம்தான். சீக்கிரமே குழாயெல்லாம் படிவு கட்டி ஒழுக ஆரம்பித்தது. சுப்ராயனே காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிப் போனார். பிரித்து, சுரண்டி, கழுவி, மறுபடி மாட்டி, எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அது தேறியதும் இன்னொரு குடம். இப்படியே போனது. இதைக் கெடுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது முடியாமல் கிடந்த நாட்களில் நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன தை மாதம் ரிசார்ட்டில் விழா. கார்த்திகேசன் ஓட்டுவதாக ஏற்பாடு. என்னையும் ஷமீமாவையும் பின்னால் பெட்டியில் உட்காரச் சொன்னார் சுப்ராயன், விருந்தாளியாக. முதல் நாள் சாயங்காலம் இரண்டு குடம் ஊற்றினேன்.

உப்பு ஏறிய தண்ணீர் கொதித்தால் நுரைக்கும், மேடம். பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. நுரை பொங்கினால் கண்ணாடி நிறைந்த மாதிரி தெரியும், உள்ளே வற்றிக்கொண்டிருக்கும். ரொம்ப வற்றினால் நெருப்புக்கு மேலே இருக்கிற ஈய அடைப்பு உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து அணைத்துவிடும். பாய்லர் வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கரி போடுகிற கதவு அந்த நேரம் திறந்திருந்தால், முன்னால் நிற்கிற ஆளுக்குத்தான் ஆகும்.

"பாய், கண்ணாடி ஃபுல்லா காட்டுது. வந்து ஒரு பார்வ பாக்கறீங்களா?" என்று கார்த்திகேசன் கூப்பிட்டான். கண்ணாடிக்குள் நுரை துள்ளுவது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. "உனக்குத் தெரியாததா? நான்தான் ரெஸ்ட்ல இருக்கேனே" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவனும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து கரியை அள்ளினான்.

அவனைத் தூக்க நான்தான் முதலில் ஓடினேன். அதை எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் தோல் ஆறிவிடும், ஆனால் கிட்னி அடிவாங்கியிருக்கிறது என்றார்கள். உப்பே ஆகாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், கூட இருந்தது நான்தானே. தங்கைக்கு அப்போது பிரசவ நேரம். அதனால் எஞ்சின் ஷெட்டை ஒட்டிய அறையிலேயே அவனை வைத்துக்கொண்டேன். கட்டு மாற்றுவது, உடம்பு துடைப்பது, கஞ்சி காய்ச்சி ஊட்டுவது எல்லாம் நான்தான். ஷமீமா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இவ்ளோ பொறுமை இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

போன வாரம் அவன் சுவரைப் பிடிக்காமல் வாசல் வரைக்கும் நடந்தான். "தங்கச்சி கூப்புடுது பாய், போயிட்டு வர்றேன். நீங்களும் எவ்ளோதான் கஷ்டப்படுவீங்க, ரெஸ்ட் எடுங்க" என்றான். இப்போது கால் திரும்பவும் வீங்கியிருக்கிறது. போகிற பேச்சையே காணோம், பாவம்.

எஞ்சினில் உப்புத் தண்ணீர் ஊற்றியது நான்தான். கார்த்திகேசன் வெந்ததும் என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள் மேடம், அவன் கஞ்சி குடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. என்னை விட முடியாதென்றால் யாரையாவது அனுப்புங்கள். அரிசி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பு டப்பா என் ஸ்பேனர் பெட்டிக்குள், அடியில் இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால் போதும். அதற்கு மேல் போட்டுவிட வேண்டாம், அவன் உடம்பு தாங்காது.