பூச்சு கலையாத கைத்துப்பாக்கி

நான் இதுவரை ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். சுட்டால் புகை படியும். படிந்ததைத் துடைத்தால் பூச்சு தேயும். எங்களுக்குப் பூச்சுதான் எல்லாம்.

ஒஹாயோவின் இந்தப் பக்கத்தில் யார் வீட்டுப் பரணில் பழைய கைத்துப்பாக்கி அகப்பட்டாலும், மதிப்புச் சொல்ல இந்த டெல்மர் ஹாஃபிடம்தான் கொண்டுவருவார்கள். நிக்கல் பூசியவற்றில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அசல் நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரர்கள் விசைக்குப் பூச மாட்டார்கள். பின்னால் எவனாவது மறுபூச்சுப் போட்டால் விசையையும் சேர்த்து மினுக்கிவிடுவான். எழுத்துகளின் ஓரம் மழுங்கிவிடும். பார்க்கப் புதிது போல இருக்கும், மதிப்பு போயிருக்கும்.

வெர்லின் ஸ்டக்கி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். பல வருடங்களாகச் சனிக்கிழமைக் கண்காட்சிகளுக்கு இருவரும் என் வண்டியில்தான் போவோம். அவனுக்குச் சரக்கைப் பார்க்கத் தெரியாது, ஆனால் கைராசி இருந்தது. ஒருமுறை இறந்துபோன ஒருவர் வீட்டு ஏலத்தில், முத்துச்சிப்பிப் பிடி போட்ட, ஒரு குண்டுகூடச் சுடாத நிக்கல் துப்பாக்கியை அதன் அட்டைப்பெட்டியோடு எடுத்துவிட்டான். நான் அப்போது வெளியே டோனட் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், "ஏண்டா டெல்மர், அன்னைக்கு டோனட் நல்லா இருந்துச்சா?" என்று கேட்பான். அவன் மனைவி ஓபல் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அதையெல்லாம் நான் மனத்தில் வைத்துக்கொள்கிறவன் அல்ல.

போன வசந்தத்தில் ஓபல் இறந்தாள். வெர்லின் சாப்பாட்டை விட்டான், பேச்சைக் குறைத்தான். அவன் மகள் ரோண்டா கொலம்பஸில் நர்ஸாக இருக்கிறாள். அவள் வந்து என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அப்பா பேசுற பேச்சு சரியில்ல அங்கிள். எனக்குப் பயமா இருக்கு. அவர் துப்பாக்கி எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு உங்க வீட்ல வச்சுக்கங்க. அவரே கேட்டாலும் குடுத்துடாதீங்க."

சரி என்றேன். ஒவ்வொன்றையும் ஓபலின் சமையலறைத் துண்டுகளில் ரோண்டாவே சுற்றித் தந்தாள். வெர்லினும் மறுக்கவில்லை, என் வண்டிவரை தூக்கி வந்தான். "மெதுவா ஓட்டுடா, எம் பொண்ணுங்கள ஏத்திட்டுப் போற" என்றான். என் நிலவறை இரும்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டு, பிள்ளைகளைப் போல வைத்திருந்தேன்.

வெயில் காலத்தில் அவன் தேறினான். அதை நான் மறைக்கவில்லை. சர்ச்சில் பான்கேக் சுடப் போனான், தாடியை மழித்தான். ஒருநாள் உணவுக்கடையில் ஆப்பிள் பை தின்றுகொண்டே சொன்னான்:

"மாவட்ட மியூசியத்துக்கே எல்லாத்தையும் குடுத்துடலாம்னு இருக்கேன்டா. ஓபல் பேர்ல ஒரு கண்ணாடி அலமாரி வைக்கிறாங்களாம். நீதான் கூட நின்னு அடுக்கித் தரணும்."

"நல்ல யோசனைதான்" என்றேன்.

ரோண்டாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது என்பதால், தன் காலத்துக்குப் பிறகு அவை எனக்கு என்று வெர்லின் முன்பே உயில் எழுதியிருந்தான். ஆனால் நான் யோசித்தது என்னைப் பற்றி அல்ல. அந்த அருங்காட்சியகத்தில் பொருள்களைத் துடைப்பவர் ஒரு வயதான பாதிரியார். வெள்ளிக் கரண்டி விளக்கும் பசையை எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்ப்பார். நூறு வருடம் தாண்டி வந்த பூச்சு ஒரு குளிர்காலம் தாங்காது. இதைச் சொன்னால் வெர்லினுக்குப் புரிந்திருக்காது.

நவம்பரில் ஓபலின் பிறந்தநாள் வந்தது. மத்தியானம் வெர்லின் போன் செய்தான்.

"இன்னைக்கு என்னால முடியலடா. வீடு கம்முனு கிடக்கு. வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன்."

போனேன். ஒரு துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் கேட்டான், கொடுத்தேன் என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அது சரியில்லை. அவன் கேட்கவில்லை. சமையல் மேசையில் துண்டைப் பிரித்து வைத்ததும், புரியாமல் என்னைப் பார்த்தான்.

"இப்ப எதுக்குடா இது?"

"உன் பொருள். உன்கிட்டயே இருக்கட்டும்."

அவன் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு, "போயிடாதடா, சூப் சுட வைக்கிறேன்" என்றான். பனி பெய்யப் போகிறது, சாலை வழுக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தோட்டா இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அன்று காலையில் நான்தான் போட்டேன். வாசல்வரை வந்து, என் தோளைத் தட்டி அனுப்பினான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவனைப் பார்த்தார்.

இறுதிச் சடங்கில் ரோண்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒன்ன மட்டும் எங்கயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கார் அங்கிள். நான் சரியாத் தேடல. நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீங்கள் அந்த வீட்டிலிருந்து எடுத்தவற்றை ஒரு பையில் போட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தபோதுதான் அவள் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறாள். தன் கையால் சுற்றி என்னிடம் கொடுத்த துண்டு அவளுக்குத் தெரியாமல் போகுமா?

நேற்று அவள் என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஏன் அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்து போய்விட்டாள். ஆகையால் நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். நான் யோசிக்காமல் செய்யவில்லை. இரத்தத்தில் உப்பு இருக்கிறது, நிக்கலுக்கு அடியில் புகுந்து பூச்சை உரித்துவிடும். அதனால்தான் அன்று பெட்டியில் இருந்தவற்றிலேயே மட்டமானதாக, மறுபூச்சுப் போட்ட ஒன்றைத் தேடி எடுத்துப் போனேன். அவளுடைய அப்பா சேர்த்த நல்லவை எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருக்கின்றன. அதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.