தவளைங்க வாய மூடின நேரம்

ராத்திரி பதினோரு மணி இருக்கும். பூந்தமல்லிலேர்ந்து பாரிவாக்கம் போற ரோடு... இப்பதான் அங்க ஊடு கட்றாங்க. எண்பத்தொம்போதுல ஒண்ணும் கெடையாது. ரெண்டு பக்கமும் வயலு, அப்பறம் ஏரிக்கரை. லைட்டுக் கம்பமெல்லாம் பூந்தமல்லியோட சரி.

அந்த ரோட்டுல ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி போச்சு. ஓட்டிகினு போனவன் ஜோசப்ராஜ். பின்னாடி குந்தியிருந்தது அவன் அக்கா அருள்செல்வி. மடில டேப் ரெக்கார்டர்.

என்கூட ஃபேக்டரில ஷிப்ட்டு பாக்கறாரே வேதமுத்து... அவரு அக்கா பசங்க ரெண்டு பேரும். அவரு சொன்னததான் சொல்றேன். கதவ சாத்திட்டு வந்து குந்து மாமே. காத்து வருது.

அந்தப் பொண்ணு காலேஜுல தவளைங்கள பத்தி ஆராய்ச்சி பண்ணிகினு இருந்துச்சு. சிரிக்காதீங்க. அதுக்குக் கொஞ்சம் மின்னாடி வரைக்கும் தவளைக் கால வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணாங்க. ராவோட ராவா ஏரில புடிச்சு, கரையிலயே குந்திகினு கால மட்டும் வெட்டிப்பாங்க. மீதிய வீசிட்டுப் போயிடுவாங்க. உசுரோட. காலு இல்லாம அதுங்க கெடந்து வாய தொறந்து தொறந்து மூடும்... விடியற வரைக்கும். அப்பறம் கவர்மெண்டு தடை போட்டுச்சு. இந்த ஏரிங்கள்ல இன்னும் இன்னா இன்னா தவளை மிச்சம் கீதுன்னு பாக்கறதுதான் அருள்செல்வி வேல. கத்தறத வெச்சே இது இன்ன வகைன்னு சொல்லிடுமாம். மழ பேஞ்ச ராத்திரிலதான் அதுங்க நல்லா கத்தும். அதான் அந்நேரத்துல போறது.

பொண்ணத் தனியா அனுப்ப மனசு வராம, அவங்கம்மா ஞானகுமாரி ஜோசப்ராஜத் தொணைக்கு அனுப்புவாங்க. அவனுக்குத் திருமழிசைல லேத்துப் பட்டறை வேல. பகலெல்லாம் ஒழச்சிட்டு, ராவுல அக்காவுக்காகக் கொசுக்கடி வாங்குவான்.

அன்னிக்கு மழ விட்ட புதுசு. கரையேறும்போதே சத்தம் காதப் பொளக்குது. ஒரு தவள க்ரோக் க்ரோக்குங்குது... இன்னொண்ணு டக் டக் டக்குன்னு மரத்தத் தட்ற மாரி. சேத்து நாத்தம். அருள்செல்வி டார்ச்ச அணைச்சிட்டா. வெளிச்சம் பட்டா அதுங்க வாய மூடிக்குமாம். ஒரு மூங்கிக் கழில மைக்கக் கட்டிப் பக்கத்துலயே நட்டா. இன்னொரு மைக்கத் தம்பி கைல குடுத்து, மதகுப் பக்கம் வெச்சிட்டு வரச் சொன்னா. அவன் இருட்டுலயே போனான்.

கொஞ்ச நேரத்துல வந்துட்டான். பக்கத்துல குந்தினான். மூஞ்சி தெரில. தோளு தோள்ல பட்டுச்சு... ஈரமா, சில்லுனு.

"வெச்சிட்டேன் க்கா"ன்னான்.

அப்பதான் தவளைங்க நின்னுச்சு. ஒண்ணொண்ணா இல்ல. மொத்தமா.

மதகுப் பக்கத்துலேர்ந்து ஒரு கொரலு. "அக்கா..."

ஜோசப்ராஜ் கொரலு.

அவ எழுந்துக்கப் பாத்தா. பக்கத்துல இருந்தவன் மணிக்கட்டப் புடிச்சான்.

"போவாத க்கா. நான் இங்கதான கீறேன். அது வேற."

நாயந்தான? தம்பி பக்கத்துல குந்தியிருக்கான். அப்ப தண்ணில கூப்டறது இன்னா? அவ அப்டியே குந்திட்டா.

அது விடல. சேத்துல காலு மாட்டிகிச்சு, இடுப்பு வரைக்கும் போயிடுச்சு, டார்ச் அடி, கழிய நீட்டுன்னு கெஞ்சுது. அவ ஏசப்பா ஏசப்பான்னு முணுமுணுத்துகினே டார்ச்ச எடுத்தா. வெளிச்சத்தப் பாத்தா அது இங்கயே வந்துடும்னான் பக்கத்துல இருந்தவன். கீழ வெச்சிட்டா. அப்பறம் அந்தக் கொரலு அழுதுச்சு... திட்டுச்சு... "உனக்கு நான் இன்னா பண்ணேன் க்கா?"ன்னு கேட்டுச்சு. காதப் பொத்திக்கலாம்னா ஒரு கைதான் சும்மா கீது. இன்னொண்ணு அவன் புடில.

கடசியா அம்மாவக் கூப்டுச்சு. அப்பறம் தண்ணி கொப்புளிக்கற சத்தம். பொளக்... பொளக்... அதுவும் நின்னுச்சு.

பக்கத்துல இருந்தவன் ரொம்ப மெதுவா சொன்னான்.

"அவ்ளோதான் க்கா. முடிஞ்சிடுச்சி."

ஒடனே தவளைங்க எல்லாம் கத்த ஆரம்பிச்சிடுச்சு. மணிக்கட்டுல புடி தளந்துச்சு. டார்ச்சப் போட்டா... பக்கத்துல யாரும் இல்ல. புல்லு மட்டும் நசுங்கி, கொழகொழன்னு கெடந்துச்சு.

அவ கத்துன கத்துல பாரிவாக்கத்து ஆளுங்க ஓடியாந்து, மதகுகிட்டேர்ந்து ஜோசப்ராஜ எடுத்தாங்க. கழுத்து வரைக்கும் சேறு. வாய் நெறைய சேறு. கை கரைப் பக்கமா நீட்டிகினே வெறச்சிப் போயிருந்துச்சு. மூங்கிக் கழிய நீட்டியிருந்தாலே எட்டியிருக்கும்னு ஒரு ஆளு, அந்தக் கழியையே புடுங்கியாந்து நீட்டிக் காட்டினான். அந்தப் பொண்ணு மின்னாடியே.

பூந்தமல்லி கல்லறைல பொதச்சாங்க. அருள்செல்வி காலேஜுக்குப் போறத நிறுத்திடுச்சு. யார்கிட்டயும் பேசறதில்ல. ஆனா ராவுல அவ ரூம்ல பேச்சு சத்தம் கேக்குதுன்னு ஞானகுமாரி சொல்ல, வேதமுத்து போயி அக்கா ஊட்டுல தங்கினாரு.

அவரும் கேட்டாரு. ரெண்டு கொரலு.

ஞானகுமாரியும் வேதமுத்தும் கதவத் தள்ளினாங்க. பொண்ணு தரைல பாய் மேல படுத்திருக்கு. ஒரு கைய பக்கவாட்டுல நீட்டிகினு. அந்த மணிக்கட்டுல தோலு உள்ள அமுங்கிக் கீது... விரல் விரலா. புடிச்சிகினு இருக்கற கை மட்டும் தெரில.

"யாருகிட்டடி பேசற?"ன்னு கேட்டாங்க ஞானகுமாரி.

பொண்ணு அழல. நிதானமா சொல்லுச்சாம். "இது அவன் இல்லன்னு எனக்கும் தெரியும் மா. ஆனா கொரலு அவன்துதான? வேற எங்க போயி கேக்கறது?"

வேதமுத்து, அக்கா இப்ப அலறுவாங்க, பொண்ண இழுத்துகினு வெளிய ஓடுவாங்கன்னு பாத்துகினே நிக்கறாரு.

அந்தம்மா கதவ உள்பக்கமா சாத்தினாங்க. பாய் கிட்டப் போயி குந்தினாங்க. பொண்ணு தோளத் தொட்டாங்க.

"நவுருடி"ன்னாங்க. "கொஞ்ச நேரம் நான் புடிச்சிக்கறேன்."