திரையில் தொலைந்த ‘த்’

அவைக்குத் தலைமையேற்ற பதிப்பாளர் ஐயா அவர்களே, படமெடுத்த இயக்குநர் தம்பி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றே கேட்கும் தாய்மார்களே, அனைவருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்!

நேற்றுப் படம் பார்த்தேன். என் கணவரின் இருபத்தொரு நாவல்களையும் எழுதியது நான்தானாம்! அவர் சாய்வுநாற்காலியில் உறங்க, நான் அடுப்படியில் அமர்ந்து எழுதினேனாம்! அதற்குத்தான் இந்தக் கேடயம். கைதட்டாதீர்கள், பொறுங்கள்.

நானாக நடித்தவர் காட்சிக்குக் காட்சி அழுதார், பொறுத்தேன். ஆனால், அவர் எழுதுவதாக ஒரு தாளைத் திரை முழுக்கக் காட்டினீர்களே, அதில் என்ன இருந்தது? ‘கதவை திறந்தாள்.’ அவையோரே, ‘த்’ எங்கே? சிரிக்காதீர்கள். ஒற்று ஒன்று விட்டால் நூறு முறை எழுதவைக்கும் கன்னியாஸ்திரிகளின் கான்வென்டில் படித்தவள் நான். கொலைப் பழியைச் சுமத்துங்கள், சுமப்பேன். ஒற்றுப் பிழையைச் சுமத்தினால் சும்மா இருப்பேனா?

இயக்குநர் தம்பி எழுந்துவிட்டார். என்னப்பா?

“அம்மா, அது நீங்க குடுத்த தாள்தாம்மா! உங்க வீட்டு ஒரிஜினல்!”

ஆமாம் தம்பி. அவர் எழுதிய முதல் பிரதி.

“அச்சகத்துக்குப் போனதெல்லாம் உங்க கையெழுத்துலதானேம்மா இருந்துச்சு?”

இருந்தது. நகலெடுத்தவள் நான். அவருக்கு ஒற்று ஒருநாளும் வசப்படவில்லை. “ஏங்க, இதுல ‘த்’ எங்க?” என்பேன். “கதையை நான் தூக்கிட்டு வந்தேன், புள்ளிய நீ தூக்கிட்டு வரக்கூடாதா?” என்பார். நாற்பது ஆண்டுகள் புள்ளி சுமந்தேன். பிள்ளைக்குத் தலைவாரி விட்டவள் பெற்றவளாகிவிடுவாளா?

உங்களுக்கு ஆசையே இல்லையா என்று அங்கே ஒரு தாய் கேட்கிறார். இருந்ததம்மா. ஒரு கதை எழுதி அவரிடம் நீட்டினேன். இருமுறை படித்தார். “ஒரு பிழைகூட இல்லம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நானும் படித்துப் பார்த்தேன். உண்மைதான். பிழையே இல்லை. அந்தக் கதையில் வேறொன்றும் இல்லை.

அவர் கதையிலோ பக்கத்துக்குப் பத்துப் பிழை. ஆனால் அந்தப் பெண் கதவைத் திறந்தபோது, நகலெடுத்த என் கை நின்றது. வெளியே யார் நிற்கிறார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கதவைத் திறந்தது அவர். ‘த்’ மட்டுமே நான்.

எனவே தலைவர் அவர்களே, இந்தக் கேடயத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் பொறியுங்கள். பொறிக்கும் முன் எழுதியதை என்னிடம் காட்டுங்கள். அந்த வேலை என்னுடையது. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுக்காமல் எழுந்த தம்பிக்கும் நன்றி. வணக்கம்.