உருளாத கொட்டைகள்

எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்பது இன்ஸ்பெக்டர் அய்யாவுக்குப் போகப் போகப் புரியும்.

என் பெயர் யூஜினியா. காரைக்குடியில் கோட்டைச்சாமி அண்ணனின் நாட்டு மருந்துக் கடையில் பத்தொன்பது வருஷம் கொட்டை பொறுக்கினேன். மலையடிவாரத்திலிருந்து தேற்றாங்கொட்டை மூட்டை மூட்டையாக வரும். ஊருணித் தண்ணீர் தெளியப் பானையில் உரசுகிறோமே, அதே கொட்டைதான். இடித்துக் கருப்பட்டிப் பாகில் லேகியம் கிண்டினால் இளைத்த உடம்பு தேறும். சேகரிக்கிறவர்கள் அவசரத்தில் எட்டிக்கொட்டையையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். அது விஷம். முற்றிய எட்டி சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாக இருக்கும், யாருக்கும் தெரியும். சிறுத்துப்போனதுதான் ஆளை ஏமாற்றும். முறத்தைச் சாய்த்தால் தேற்றான் உருளும், எட்டி சறுக்கும். ஒதுக்கிய எட்டியை ஆடு மாடு தின்னாமல் என் கொல்லையில் புதைப்பதும் என் வேலைதான்.

போன வருஷம், தொண்ணூற்றாறு ஐப்பசியில், அண்ணன் மகன் முத்தரசு மதுரையிலிருந்து ஒரு சல்லடை வாங்கி வந்தான். கண் சின்னது. சந்தேகமான கொட்டை எல்லாம் மேலேயே நின்றுவிடும், நல்லதில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான் என்றான். இனி நான் வர வேண்டாம் என்பதையும் மரியாதையாகத்தான் சொன்னான். சல்லடை ஒருநாள் தப்புச் செய்யும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது செய்யவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து, சுக்கு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய்ச் சலித்து வைத்த மூட்டையில் கைவிட்டுப் பார்த்தேன். ஐந்து வாரம் பார்த்தேன். ஒரு எட்டிகூட இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. ஆறாவது வாரம் கொல்லையில் புதைத்ததில் கொஞ்சம் தோண்டி முந்தானையில் முடிந்து கொண்டுபோனேன்.

என் தெருவில் செந்தாமரை என்று ஒரு பெண். குன்றக்குடியில் மாப்பிள்ளை, தை மாதம் கல்யாணம். பெண் ஒல்லி என்று அந்த வீட்டில் சொன்னதால் லேகியம் சாப்பிட்டு வந்தாள். புது டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்தத் தடவ ரொம்பக் கசக்குது. கொட்டை பத்தி ஒங்களுக்குத்தான தெரியும். திங்கலாமாக்கா? நீக சொன்னாத் திங்கிறேன்."

நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் வேண்டாம் என்றால் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பாள், முத்தரசு வேறொன்று தருவான், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்த்தா. மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு."

என் எதிரிலேயே விழுங்கினாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் வேனில் சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அதே வேனில் திரும்பி வந்தாள். நானும் மாலை வாங்கிப் போட்டேன்.

மூன்றாம் நாள் கோட்டைச்சாமி அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். "நாளைக்கே வந்துரு, யூஜினியா. ஒன் கண்ணு இல்லாம ஆகாது" என்றார். போனேன். என் முறம் வைத்த இடத்திலேயே இருந்தது. நான்கு நாள் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

அதன் பிறகு வக்கீல் ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்க, முத்தரசு பேச்சை மாற்றிவிட்டான். அந்தக் கொட்டை பழைய சாக்கில் மிஞ்சியதாம், நான் பொறுக்கியதாம், வயதாகிக் கண் மங்கியதில் கவனிக்காமல் விட்டுவிட்டேனாம். அதையே நீங்களும் எழுதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்து இதை எழுதிக் கொடுக்கிறேன்.

பத்தொன்பது வருஷத்தில் என் முறத்தைத் தாண்டி ஒரு எட்டிக்கொட்டை போனதில்லை. செந்தாமரை தின்றதும் தப்பிப் போனதல்ல. சிறுத்ததாகப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து நான் போட்டது. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அய்யா.